படி வைக்காத வீடு

என் அக்காவின் கணவருக்கு அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் வண்டிக் கொட்டகையில் ‘நிதானம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. “நிதானம் வந்தாச்சா?”, “நிதானம் வண்டியில டீசல் இருக்கா பாரு” என்றுதான் அங்கே பேச்சு நடக்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது பள்ளம் வந்தால், தளும்ப நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் மாதிரி பேருந்தை இறக்கி ஏற்றுவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கி அமுக்கி ஓய்ந்துபோவான். இவர் கண்ணாடியில் பார்த்து, “போகட்டும் விடு, அடுப்புல பாலை வச்சுட்டு வந்திருப்பான்போல” என்று ஒதுங்கி வழி விடுவார்.

எனக்கு இந்த நிதானம் பல வருஷம் எரிச்சலைத்தான் கொடுத்தது. ஒரு சட்டை வாங்கக் கடைத்தெரு முழுக்க ஏறி இறங்குவார். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார், பொத்தானை இழுத்துப் பார்ப்பார். கடைசியில் முதலில் நுழைந்த கடைக்கே திரும்பிப் போவார். “அத்தான், நீங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அவளையும் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களா?” என்று கேட்பேன். மனைவியின் தங்கைக்கு இந்த அளவுகூடக் கேட்க உரிமை இல்லையென்றால் எப்படி? அவர் யோசித்துத்தான் பதில் சொல்வார். “அதுல மட்டும் யோசிக்கலைம்மா” என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் நிலம் வாங்கி ஏமாந்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏமாந்தார் என்று நானும் சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் வாங்கினார். பார்க்க வேண்டியது வேறாக இருந்தது.

நிலம் வாங்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே கால்களும் போயின. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலி வந்தது. அப்போது அவர்கள் வாடகைக்கு இருந்தது மாடியில். ஒரு மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் அத்தானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அவளை நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். அக்கா என்னைவிட வாய்க்காரி. “பல்லக்குல போற மகாராணி நான்தான்டி” என்று சிரிப்பாள். ஆனால் ஒரு தடவை படியின் திருப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கை நழுவி, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழவில்லை. அதற்குப் பிறகு அவள் வெளியே போக வேண்டும் என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

“எனக்கு ஒண்ணுமே வேண்டாம். யாரையும் கூப்பிடாம, நானே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு வாசலுக்குப் போகணும். அங்கிருந்து நானே உள்ள வரணும். அவ்வளவுதான்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அத்தான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மறுவாரமே நிலம் தேட ஆரம்பித்துவிட்டார். தரைத்தளத்தில் ஒரே தளமாக வீடு, எங்கேயும் படி இல்லை, எந்த வாசலிலும் நிலைப்படி இல்லை, நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவுகள். பழைய பேருந்து அட்டவணையின் பின்பக்கத்தில் அவரே வரைந்துவைத்திருந்த வரைபடத்தில் அறைகளைவிடச் சக்கரம் போகும் பாதைதான் அழுத்தமாக இருந்தது.

ஊரின் விளிம்பில் ஒரு மனைப்பிரிவு. தரகர் எங்களை அழைத்துப் போனது கடும் கோடை. தரை கறுப்பாக, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவே நடுவே பாளம் பாளமாக வெடிப்பு. என் செருப்பின் குதி ஒரு வெடிப்புக்குள் போய் மாட்டிக்கொண்டது. “பூமாதேவி என் செருப்பைப் பிடிச்சு இழுக்கறா” என்றேன். தரகர் சிரித்து, “வெயிலுக்கு எந்த மண்ணும் வெடிக்கும்மா. மழை வந்தா ஒட்டிக்கும்” என்றார். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. மழை வந்ததும் ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. அதோடு நிற்காது என்பதைச் சொல்லாமல் விட்டார், அல்லது அவருக்கும் தெரியாது. அவரை நினைத்தால் இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது. பக்கத்து மனையின் சுற்றுச்சுவர் வளைந்து நின்றது. தெரு முனையில் மின்கம்பம் குடித்தவன் மாதிரி சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம், பார்த்துக் கேலியும் பேசினோம். அந்தத் தெருவில் எதுவுமே நேராக நிற்கவில்லையே என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அத்தான் மட்டும் கேலியில் கலந்துகொள்ளவில்லை. குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார். கையால் உடைக்க முடியவில்லை. செருப்புக் காலால் மிதித்தும் உடையவில்லை. “கெட்டியாத்தான் இருக்கு. ஆனாலும் ஒண்ணு பார்த்துடறேன்” என்றார்.

என்ன பார்த்தார் தெரியுமா? பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. மேலாளரிடம் கெஞ்சிக் கேட்டு, தான் ஓட்டும் பேருந்தைக் கொண்டுவந்து அந்த மனையின் நடுவில் நிறுத்தினார். வெறும் வண்டி போதாது என்று இருக்கைகளுக்கு நடுவே மணல் மூட்டைகளை அடுக்கினார். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து, மறுநாள் போய் மண்டியிட்டுக் கோட்டைப் பார்த்தார். கோடு புதையாமல் போட்ட இடத்திலேயே இருந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், “பஸ் ஸ்டாண்டு வருதா சார் இங்க?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சாலையோரம் ஒதுங்கி, சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டிகளை எத்தனையோ பார்த்தவர் அவர். மண் என்றால் அவருக்குத் தெரிந்த பயம் ஒன்றுதான், புதைவது. “இவ்வளவு பாரத்துக்கே அமுங்காத தரை, வீட்டுக்கா அமுங்கும்?” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மேஸ்திரியும் வந்து கடப்பாரையை ஒரு குத்துக் குத்தினார். அது கணீரென்று திரும்பியது. “பாறை மாதிரி இருக்கு. எல்லா வீட்டுக்கும் போடற அஸ்திவாரமே போதும்” என்று சொல்லிவிட்டார். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதெல்லாம் மாடி மாடியாகக் கட்டுகிறவர்களுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் கட்டும்போது ஒரு தொல்லையும் வரவில்லை. மழைக்கு முன்பே குடிவந்தாகிவிட்டது. அக்கா முதல் நாள் தன் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். கூடத்திலிருந்து வாசலுக்குப் போனாள். வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு உள்ளே வந்தாள். மறுபடி வெளியே போனாள். “பெட்ரோல் விக்கிற விலையில இத்தனை ட்ரிப்பா?” என்று நான் கத்தினேன். அத்தான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொன்னார்.

அக்கா தோட்டம் போட்டாள். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற இடத்தில். தக்காளி, மிளகாய், ரோஜா, ஒரு கொடி அவரை. வெளிக்குழாயில் ரப்பர் குழாயை மாட்டி அவளே தண்ணீர் விடுவாள். அந்த மண்ணுக்குத் தண்ணீர் கண்டால் போதும். குச்சியை நட்டாலும் துளிர்த்தது. தெருவில் போகிறவர்கள் நின்று என்ன உரம் போடுகிறாய் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். “கை ராசி” என்று அக்கா பெருமையடித்துக்கொள்வாள். செடிக்கு அமிர்தமாக இருந்த மண் அது.

முதல் மழைக்குப் படுக்கையறைக் கதவு பிடித்துக்கொண்டது. புது மரம், ஈரத்துக்கு ஊதியிருக்கும் என்றார்கள். தச்சர் வந்து இழைப்புளியால் சீவிவிட்டுப் போனார். கோடை வந்ததும் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து. தச்சர் மறுபடி வந்து ஒரு சட்டத்தை அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அந்தச் சட்டத்தையே சீவினார். “சார், இதுக்கு மேல சீவினா கதவு இருக்காது, சிராய்தான் இருக்கும்” என்றார் அவர். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சுவரில் ஒரு வெடிப்பு படிக்கட்டு மாதிரி ஏறியது. அத்தான் சிமென்ட்டைக் குழைத்து அடைப்பார். மறு பருவத்தில் அது பக்கத்தில் வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கடைசியில் வெடிப்புகளின் மேலே காலண்டர்களை மாட்டினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேதி தெரிகிற வீடு அது.

பிறகுதான் தரை. படுக்கையறைத் தரை மெல்ல மெல்ல மேலே வந்தது. கூடத்துத் தரை இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில், சரியாகக் கதவடியில், தளம் பிளந்து ஒரு விளிம்பு உண்டானது. படியே வேண்டாம் என்று கட்டிய வீட்டில், மண்ணே ஒரு படியைக் கட்டிவிட்டது.

அக்கா அதை இறங்கப் பார்த்த முதல் நாள், நாற்காலியின் முன் சக்கரம் விளிம்பில் விழுந்து, அவள் குப்புற விழப் போனாள். கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். அத்தான் மறுநாளே ஒரு பலகையைச் சரிவாகச் செதுக்கி அங்கே போட்டார். மழைக்கு அளவெடுத்துச் செய்த பலகை வெயிலுக்கு ஆடும். வெயிலுக்குச் செய்தது மழைக்குப் போதாது. கொல்லைப்புறத்தில் பலகைகளாகக் குவிந்து கிடந்தன.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரு பெண் அடிக்கடி வருவாள். கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்கிற ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். அவளிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். தலைவலி மாத்திரை வாங்க வந்தவள், மாத்திரையை மறந்துவிட்டு, “நான் வந்து பார்க்கலாமா?” என்றாள்.

வந்தாள். அக்கா தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் அத்தான் வரச் சொல்லியிருந்தார். அவள் வீட்டைச் சுற்றி வந்தாள். கொல்லையில் காய்ந்து கிடந்த ஒரு மண்கட்டியைப் பொடித்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டாள். பொடி நின்ற இடத்தில் பேனாவால் கோடு கிழித்து, தண்ணீர் ஊற்றி, “அப்படியே வச்சிருங்க, நாளைக்குப் பாருங்க” என்றாள். மறுநாள் பார்த்தபோது மண் கோட்டைத் தாண்டி மேலே வந்து நின்றது. அத்தான் அந்த டம்ளரை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டைத் தையலைப் பார்க்கிற மாதிரி.

ஆனால் விஷயம் என்ன என்பதை அவள் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

“இது தண்ணி குடிச்சா ஊதற களிமண் சார். காஞ்சா சுருங்கும். கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பரிசோதனை பண்ணியிருக்கலாமே?”

“பஸ்ஸை நிறுத்திப் பார்த்தேம்மா” என்றார் அத்தான்.

அவள் சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. “பஸ் கீழ அழுத்தும் சார். இந்த மண்ணு கீழ போறதில்ல. மேல தூக்கறது. அதுவும் கோடையில பார்த்திருக்கீங்க. அப்ப இது கல்லு மாதிரிதான் இருக்கும்.”

“இப்ப என்ன பண்ணலாம்?”

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்த மண்ணைத் தோண்டி எடுத்துட்டு வேற மண் கொட்டியிருக்கலாம். இல்லன்னா ஆழத்துல தூண் இறக்கி, தரை மண்ணைத் தொடாம கட்டியிருக்கலாம். இப்ப தரையைப் பேத்து எடுத்து எல்லாத்தையும் புதுசா பண்ணணும். இன்னொரு வீடு கட்டற மாதிரிதான்.”

அத்தான் தலையை ஆட்டினார். இன்னொரு வீட்டுக்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அது அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு படுக்கையறைச் சுவரோரம் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். “மேல சன்ஷேடு இருக்கு, மழைத் தண்ணி இங்க விழாதே. இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது?” என்றாள். அதற்குள் அவளே செடிகளைப் பார்த்துவிட்டாள். “யார் தண்ணி விடறாங்க?”

அத்தான் அக்கா தூங்கும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்தப் பக்கம்தான் அதிகமாத் தூக்கியிருக்கு. சுவரை ஒட்டித் தண்ணி விடறதை உடனே நிறுத்துங்க. செடியைத் தள்ளி வச்சுக்கலாம். நிறுத்தினா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். மழையும் இருக்கு, வெயிலும் இருக்கு. ஆனா மேல மேல மோசமாகாம இருக்கலாம்.”

அவள் போன பிறகு அத்தான் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். நான்தான் பேசினேன். “அத்தான், நான் சொல்லவா அக்காகிட்ட?”

“வேண்டாம்மா.”

“சொல்லித்தானே ஆகணும்?”

“அவ கையால செய்யற வேலை இது ஒண்ணுதான் இருக்கு. அதுதான் வீட்டை உடைக்குதுன்னு எந்த வாயால சொல்றது?”

வீட்டை விற்றுவிட்டுப் போங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். “காலண்டரை மாட்டி மறைச்சு இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றியா?” என்றார். உள்ளதைச் சொன்னால் வாங்க ஆளில்லை. சொல்லாமல் விற்க இவரால் முடியாது.

கடைசியில் நிதானம் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோணல் வேலை செய்தார். வெளிக்குழாயின் திருகைத் தானே கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, “குழாய் உடைஞ்சுபோச்சு, ஆள் வரணும்” என்று அக்காவிடம் சொன்னார். ஆள் வரவே இல்லை. அக்கா சில நாள் கேட்டாள். அப்புறம் விட்டுவிட்டாள். செடிகள் தானாகவே பட்டுப்போகும், யாரும் யாரையும் நோகடிக்க வேண்டாம் என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் செடிகள் பட்டுப்போகவில்லை. அவரைக்கொடி ஜன்னல் கம்பியைச் சுற்றி ஏறிப் பூத்தது. சாரல் அடித்திருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். படுக்கையறைத் தரை இன்னும் கொஞ்சம் மேலே வந்தது. குழாயை மூடியும் ஏன் நிற்கவில்லை என்று அந்தப் பொறியாளரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டேன். “சார் சொன்னா மண்ணு உடனே கேக்காதுன்னு சொல்லுங்க” என்றாள் அவள், வருத்தமாகத்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் அக்காவுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். வாசல் சாவி என்னிடமும் ஒன்று உண்டு. உள்ளே போனால் கூடத்தில் யாருமில்லை. படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. சமையலறை மேடையில் அத்தான் காலையில் வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடியபடியே இருந்தது. திறந்து பார்த்தேன். கை படவில்லை.

“அக்கா!”

“வந்துட்டியா? கொஞ்சம் தூங்கிட்டேன்டி. நீ உக்காரு, நான் வரேன்.”

வரவில்லை. நான் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்து இடித்தேன். சுவரில் அறைந்துவைத்த மாதிரி நின்றது. காலையில் பெய்த பெருமழையில் காற்று அதை அடித்துச் சாத்தியிருக்கிறது. மேல் விளிம்பு நிலையில் கடித்துக்கொண்டுவிட்டது.

அதே நேரம் அத்தான் கடைசி நடையை முடித்துவிட்டு வந்தார். காக்கிச் சட்டை நனைந்திருந்தது. கதவையும் என்னையும் பார்த்தார், சமையலறை மேடையைப் பார்த்தார். கதவில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“எப்பலேர்ந்து உள்ள இருக்க?”

“இப்பதான் கொஞ்ச நேரமா.”

“மத்தியானம் போன் பண்ணினப்ப சாப்பிட்டாச்சுன்னு சொன்னியே.”

உள்ளே நாற்காலிச் சக்கரம் லேசாக உருண்டது.

“இன்னைக்கு மட்டும்தானா?”

“கதவு திறந்திருந்தாலும் அந்தப் படி இருக்கே” என்றாள் அக்கா. “பலகை ஆடுது. இறங்கப் பயமா இருக்கு. அதனால நீங்க வர்ற வரைக்கும் இங்கயே இருந்துடறது. இந்த மழை ஆரம்பிச்சதிலேர்ந்து அப்படித்தான்.”

எனக்கு வந்த கோபத்தில் கதவை ஓங்கிக் குத்தினேன். “உனக்கென்ன பைத்தியமா? ஒரு போன் பண்ணக் கூடாதா? பக்கத்துத் தெருவுலதானே இருக்கேன்? பட்டினியா கிடந்துட்டுச் சாப்பிட்டேன்னு பொய் சொல்றியே, அறிவிருக்கா?”

“எப்படிடி சொல்றது? நான் யாரையும் கூப்பிடாம நடமாடணும்னுதானே மனுஷன் இதைக் கட்டினாரு. இதுக்குள்ளயே மாட்டிக்கிட்டேன்னு அவர்கிட்ட எந்த வாயால சொல்றது?”

அத்தானின் கை கதவிலிருந்து கீழே இறங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா குரலை உற்சாகமாக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

“நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் கஷ்டமில்லைங்க. பொழுது நல்லாத்தான் போகுது. வெளிக்குழாய் உடைஞ்சதுலேர்ந்து செடிங்களுக்கு நான்தான் ஜன்னல் வழியா தண்ணி ஊத்தறேன். பாத்ரூம்ல மக்குல புடிச்சு, மடியில வச்சுக்கிட்டு, ஜன்னலுக்கும் பாத்ரூமுக்கும் போய்ப் போய் வருவேன். பாதி மடியிலயே கொட்டிடும். அதனால இன்னும் நாலு நடை அதிகமாகும். உள்ள மாட்டிக்கிட்ட நாள்லதான் அதுங்களுக்கு நல்ல சாப்பாடு. அவரை எப்படிப் பூத்திருக்கு பாத்தீங்களா?”

நான் அத்தானைப் பார்த்தேன். வெளியே வர முடியாத நாளெல்லாம் அவள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தரை எழும்பி, அவளை இன்னும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது. இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அத்தான் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது எதிரே வரும் வண்டியை நிறுத்துகிற மாதிரி. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, “பாத்தேன். நல்லாப் பூத்திருக்கு” என்றார்.

பிறகு கடப்பாரையைக் கொண்டுவந்து, அவளை ஜன்னல் பக்கம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, தன் வீட்டுக் கதவைத் தானே உடைத்தார். அவசரமே இல்லாமல், நெம்பி நெம்பி, மரத்தை நோகாமல் கழற்றுகிறவர் போல உடைத்தார். உள்ளே போய் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் உட்காரவைத்தார். அவள் புடவை மடியெல்லாம் ஈரமாக இருந்தது. நான் சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுத்தேன். “கதவே இல்லாம ரூமா? புதுசாக் கல்யாணமான ஜோடி, நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்று அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். படுக்கையறை வாசலில் ஒரு துணி தொங்கியது. அந்தப் படி அப்படியேதான் இருந்தது. அதன் மேல் போடப் புதிதாக ஒரு பலகையும் இருந்தது, அதுவும் ஆடியது. அத்தான் வேலைக்குக் கிளம்பிக் காக்கியில் இருந்தார். சாப்பாட்டை இன்றைக்குச் சமையலறையில் வைக்காமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மூடி வைத்திருந்தார். பிறகு குளியலறையிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கி வந்து, ஜன்னலோரம் முக்காலியின் மேல் வைத்து, மக்கை அதில் மிதக்கவிட்டார். அக்கா நாற்காலியை அருகில் தள்ளிக்கொண்டு போனாள்.

“எட்டுதா?” என்று கேட்டார்.

அவள் கையை நீட்டி ஒரு மக்கு மொண்டு, கம்பிகளுக்கு நடுவே செடிகளின் மேல் ஊற்றினாள்.

“எட்டுதுங்க” என்றாள்.